கோழியின் கட்டியும் உயிரணுவின் மதகும்

1909 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கோழி வந்து சேர்ந்தது. பிளிமத் ராக் என்னும் சாதியைச் சேர்ந்த பெட்டைக் கோழி அது. அதன் மார்பின் வலப் பக்கத்தில் பெரியதொரு கட்டி வளர்ந்திருந்தது. வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் அன்றே அதன் கதை முடிந்திருக்கும். பெய்ட்டன் ரௌஸ் என்னும் முப்பது வயது மருத்துவரின் கையில் அது சிக்கியதனால், அதன் கதை நூறாண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. அக்கதையைத்தான் இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கோழிக் கட்டியில் தொடங்கி, நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் செய்தியறிந்து நடக்கும் முறையை விளக்கி, இறுதியில் ஒரு மாத்திரைக்காகச் சென்னையில் நிகழ்ந்த வழக்கு வரையில் அது நீளும். ஆகவே சற்றுப் பொறுமையோடு உடன்வர வேண்டுகிறேன்.

ரௌஸ் முதலில் கட்டியின் துண்டுகளை அதே இனத்துக் கோழிகளின் உடலில் பதித்துப் பார்த்தார், கட்டி வளர்ந்தது. இதில் பெரிய புதுமை இல்லை. எலிகளில் பிறர் அதைச் செய்து பார்த்திருந்தனர். அடுத்து அவர் செய்ததே புதுமை. கட்டியை மணலோடு சேர்த்து அரைத்தார். சாற்றை இறுத்து, மிக நுண்ணிய துளைகளையுடைய வடிகட்டியின் வழியே செலுத்தினார். உயிரணுவும் பாக்டீரியாவும் அவ்வடிகட்டியைத் தாண்ட இயலாது. தெளிந்து வந்த நீரை நலமான கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவற்றுக்கும் கட்டி உண்டாயிற்று. அஃதாவது, புற்றுநோயை விளைவிக்கும் ஏதோவொன்று, உயிரணுவினும் சிறியதாய், அந்நீரில் கலந்திருந்தது. 1911 ஆம் ஆண்டில் இதனை அவர் வெளியிட்டார்.

அறிஞர் உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோழிக்கு வருவது உண்மையான புற்றுநோயே அன்று என்றனர் சிலர்; வடிகட்டி சரியில்லை என்றனர் சிலர். ரௌஸும் எலிகளில் அத்தகைய கிருமியைத் தேடிக் காணாமல், சில ஆண்டுகளில் வேறு ஆராய்ச்சிகளில் இறங்கிவிட்டார். 1966 ஆம் ஆண்டில்தான், அவருடைய 87 ஆம் வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே அவர் மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் நோபல் பரிசு பெற்றுவிட்டார்! மருமகனுக்குப் பின்னர் மாமனார் பரிசு பெறுவது எல்லாக் குடும்பங்களிலும் நடக்கக் கூடியதன்று.

வடிகட்டியைத் தாண்டி வந்தது ஒரு வைரஸ். அதற்கு இன்று ரௌஸின் பெயரே வழங்குகிறது. வைரஸ் என்பது ஓர் உறைக்குள் வைத்த சில ஜீன்கள் என்று சுருக்கமாகக் கொள்ளலாம். அந்தச் சில ஜீன்களுள் கட்டியை உண்டாக்குவது எது? 1970 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் ஸ்டீவன் மார்ட்டின் என்பவர் விசித்திரமான ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அது புகுந்த உயிரணுக்கள் 36 டிகிரி வெப்பத்தில் புற்றணுக்களைப் போலத் தாறுமாறாக நடந்தன. 41 டிகிரியில் அடங்கி ஒழுங்காக இருந்தன. வைரஸோ இரு நிலைகளிலும் பெருகிக்கொண்டே இருந்தது. ஆகவே புற்றை உண்டாக்கும் வேலை வேறு, வைரஸின் பிழைப்பு வேறு என்பது தெளிவாயிற்று. புற்றுக்குக் காரணமான அந்த ஒரே ஜீனுக்குச் சார்க் என்று பெயரிட்டனர். சார்க்கோமா என்பது தசை, எலும்பு முதலியவற்றில் தோன்றும் புற்றின் பெயர். அதன் சுருக்கமே இது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. தன் பிழைப்புக்குத் தேவையில்லாத ஒரு ஜீனை வைரஸ் ஏன் சுமந்து திரிய வேண்டும்? அதை எங்கிருந்து பெற்றது?

சான்பிரான்ஸிஸ்கோ நகரில் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் என்னும் இருவர் இப்புதிரை எடுத்துக்கொண்டனர். அவர்களிடம் வந்திருந்த பிரெஞ்சு இளைஞர் டொமினிக் ஸ்டெலான் சோதனையின் பெரும்பகுதியைத் தம் கையால் செய்தார். சார்க் ஜீனுக்கு மட்டுமே பொருந்தி ஒட்டக்கூடிய, கதிரியக்கம் ஏற்றிய ஓர் இழையை உருவாக்கி, வைரஸே தொடாத நலமான கோழியின் உயிரணுக்களில் அது எங்கேனும் ஒட்டுகிறதா என்று தேடினர். ஒட்டியது. காடையிலும் வான்கோழியிலும் வாத்திலும் ஒட்டியது. கோழிக்கு மிகத் தொலைவான உறவினதாகிய ஈமுப் பறவையிலும் ஒட்டியது. 1976 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: சார்க் வைரஸின் சொத்தன்று. அது கோழியின் சொத்து. என்றோ ஒரு நாள் கோழியின் உயிரணுவுக்குள் புகுந்த வைரஸ், வெளியேறுகையில் அந்த ஜீனையும் களவாடிக்கொண்டு போயிருக்கிறது. விரைவிலேயே மனிதனிடத்தும் அந்த ஜீன் இருப்பது தெரியவந்தது.

இக்கண்டுபிடிப்பின் கனத்தை எண்ணிப் பாருங்கள். புற்றுநோயின் விதை வெளியிலிருந்து வந்து விழவேண்டும் என்பதில்லை. நம் ஒவ்வோர் உயிரணுவிலும், நமக்கு இன்றியமையாத ஒரு வேலையைச் செய்துகொண்டு, அது இருக்கிறது. ஜீன்கள் கெடுவதனால் புற்று வருகிறது என்ற கருத்தை ரௌஸ் தம் நோபல் உரையில்கூட ஒப்பவில்லை. அக்கருத்துக்கு வலுவான சான்றை அவர் கண்ட வைரஸே தந்தது! பிஷப்பும் வார்மஸும் 1989 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். தம்மை விட்டுவிட்டதற்கு ஸ்டெலான் வெளிப்படையாகவே வருந்தினார். அவ்வருத்தம் முற்றும் நியாயமற்றது என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை.

நிற்க. சார்க் ஜீன் செய்விக்கும் புரதத்தின் வேலைதான் என்ன? இதை அறிய 1950களில் சீயட்டல் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியை நாம் அறிந்திருக்க வேண்டும். எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர் முயலின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு எவ்வாறு கரைக்கப்படுகிறது என்று ஆராய்ந்தனர். அதற்குரிய நொதி சில வேளைகளில் உறங்கியும் சில வேளைகளில் விழித்தும் இருந்தது. காரணம் ஒரு பாஸ்பேட் துணுக்கு. அத்துணுக்கு நொதியின் மேல் ஏறினால் விழிப்பு, இறங்கினால் உறக்கம். ஏற்றிவிடும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். இறக்கிவிடும் நொதி பாஸ்பட்டேஸ். தசைக்கு மட்டும் உரியதென்று எண்ணப்பட்ட இவ்வித்தை, எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவான மொழி என்பது பின்னர் விளங்கிற்று. அவ்விருவருக்கும் 1992 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

1978 ஆம் ஆண்டில் டென்வர் நகரில் மார்க் காலெட்டும் ரேமண்ட் எரிக்சனும் சார்க் புரதமும் ஒரு கைனேஸே என்று காட்டினர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. மணிகள் இருபது வகை. அவற்றுள் செரின், திரியோனின் என்னும் இரண்டின் மேலேதான் பாஸ்பேட் ஏறும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. சார்க்கும் திரியோனினில் ஏற்றுவதாகவே கருதினர்.

மறு ஆண்டு, கலிபோர்னியாவின் லா ஹோயா என்னும் ஊரிலுள்ள சால்க் நிலையத்தில் டோனி ஹன்டர் என்பவர் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் மற்றொரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாஸ்பேட் ஏறிய புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைத்து, ஒரு மெல்லிய தகட்டில் புள்ளியாக வைத்து, அமிலக் கரைசலில் நனைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வோர் அமிலமும் தனக்குரிய தொலைவு ஓடி நிற்கும். எது எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு எதன் மேல் பாஸ்பேட் ஏறியது என்று அறியலாம். கரைசலின் அமில அளவு 1.9 ஆக இருக்க வேண்டும். ஹன்டர் ஒவ்வொரு முறையும் புதுக் கரைசல் தயாரிக்காமல் பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வந்தார். அதனால் அளவு 1.7 ஆக இறங்கியிருந்தது. அவரது புள்ளி செரினின் இடத்திலும் நிற்கவில்லை. திரியோனினின் இடத்திலும் நிற்கவில்லை. பழக்கமில்லாத ஓர் இடத்தில் நின்றது.

டைரோசின் என்னும் அமிலத்திலும் பாஸ்பேட்டை ஒட்ட வைக்கும் இடம் உண்டென்பது அவர் நினைவுக்கு வந்தது. பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தாமே செய்து பக்கத்தில் ஓடவிட்டார். இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. கரைசல் புதியதாய், அளவு சரியாக 1.9 ஆக இருந்திருந்தால், டைரோசினும் திரியோனினும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வேறுபாடே தெரிந்திராது! பழைய கரைசல் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இருந்திருக்கும். பழக்கமற்ற புள்ளியைப் பிழையென்று துடைத்தெறியாத கண்தான் அரிது. 1980 ஆம் ஆண்டில் ஹன்டரும் பார்த்தலொமியூ செஃப்டனும் சார்க் புரதமும் டைரோசினிலேயே பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று நிறுவினர். டைரோசின் என்ற பெயர் பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1846 ஆம் ஆண்டில் லீபிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதை அதிலிருந்து பிரித்தார். உணவுப் பொருளில் கிடைத்த எளிய பண்டம் புற்றுநோயின் திறவுகோலாகுமென்று அன்று யார் கண்டார்?

நலமான உயிரணுவில் பாஸ்பேட் ஏறிய டைரோசின் மிக மிக அரிது. செரினோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ரௌஸின் வைரஸ் புகுந்த உயிரணுவிலோ அது பல மடங்காகப் பெருகுகிறது. அரிதாக ஒலிக்க வேண்டிய மணி ஓயாமல் ஒலிக்கிறது. அம்மணி எதற்காக என்பதை விளக்கியது மற்றொரு பழைய ஆராய்ச்சி. ஸ்டான்லி கோஹன் என்பவர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரமளவில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. சாற்றிலிருந்த ஒரு சிறு புரதம் தோலின் உயிரணுக்களை வளரத் தூண்டியது. அத்தூண்டுதலை வாங்கிக்கொள்ளும் ஏற்பியும் ஒரு டைரோசின் கைனேஸே என்பது 1980 ஆம் ஆண்டில் தெரிந்தது.

ஏற்பி என்பது உயிரணுவின் உறையில் அடித்து வைத்த ஆணி போன்றது. தலை வெளியே, முனை உள்ளே. வெளியிலிருந்து வளர்ச்சிப் புரதம் வந்து தலையில் அமர்ந்ததும், இரண்டு ஏற்பிகள் நெருங்கிச் சேர்கின்றன. சேர்ந்தவுடன் ஒன்றன் உள்முனையிலுள்ள டைரோசின்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய ஒவ்வொரு டைரோசினும் ஒரு கொக்கியாகிறது. அதைப் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த புரதங்கள் வந்து தொற்றுகின்றன. அவை ராஸ் என்னும் புரதத்தை எழுப்ப, ராஸ் அடுத்ததை எழுப்ப, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடைகிறது. 'பிரிந்து பெருகு' என்பதே செய்தி. வேலை முடிந்ததும் பாஸ்பட்டேஸ்கள் வந்து பாஸ்பேட்டைக் களைந்துவிடுகின்றன. ஏரிக்கரை மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பயிர் வாடும்போது திறக்கிறோம். பாய்ந்தது போதும் என்றால் அடைக்கிறோம். திறக்கவும் அடைக்கவும் முடிவதே மதகின் சிறப்பு. மனித உடலில் இத்தகைய டைரோசின் மதகுகள் 90 உள்ளன.

கோழியின் சொந்தச் சார்க்குக்கும் வைரஸ் களவாடிய சார்க்குக்கும் உள்ள வேறுபாடு இப்போது எளிதில் விளங்கும். சொந்தச் சார்க்கின் வால் நுனியருகே, 527 ஆம் இடத்தில், ஒரு டைரோசின் உண்டு. வேறொரு கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றினால், அவ்வால் மடங்கிப் புரதத்தின் உடலிலேயே உள்ள ஒரு குழியில் தாழ்ப்பாளாக விழுகிறது; மதகு அடைபடுகிறது. வைரஸிடமுள்ள சார்க்குக்கு அந்த வால் இல்லை. களவிலே அறுந்துபோயிற்று. தாழ்ப்பாளே இல்லாத மதகு எந்நாளும் திறந்தே கிடக்கிறது, வயல் மூழ்குகிறது.

மனிதரிடத்தில் மதகு கெடுவதற்கு வைரஸ் தேவையில்லை. மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஹெர் 2 என்னும் ஏற்பியின் ஜீன் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. நுரையீரல் புற்றுகள் சிலவற்றில் கோஹன் ஆராய்ந்த அதே ஏற்பியில் ஒரேயோர் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கிறது. ஆயினும் எல்லாவற்றினும் தெளிவான சான்று ஓர் இரத்தப் புற்றுநோயில் கிடைத்தது.

1960 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், நாட்பட்ட இரத்தப் புற்று ஒன்றில் நோயாளிகளின் உயிரணுக்களில் ஒரு குரோமோசோம் இயல்புக்கு மாறாகக் குட்டையாயிருப்பதைக் கண்டனர். அறுந்த துண்டு எங்கே போயிற்று? சிகாகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் இதற்கு விடை கண்டார். குரோமோசோம்களின் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சோடி சோடியாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 22 ஆம் குரோமோசோம் இழந்த துண்டு 9 ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருப்பதை 1973 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். இரண்டும் நுனிகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1980களில் அந்த ஒட்டு வாயிலே என்ன இருக்கிறதென்று பார்த்தனர். 9 ஆம் குரோமோசோமிலிருந்த ஏபிள் என்னும் டைரோசின் கைனேஸ் ஜீன், 22 இலிருந்த வேறொரு ஜீனோடு பிணைந்து, அடைக்க முடியாத மதகாகி நின்றது. 1990 ஆம் ஆண்டில் அந்த ஒட்டு ஜீனை எலிகளின் எலும்பு மச்சை அணுக்களில் ஏற்றியபோது, அவற்றுக்கும் அதே நோய் வந்தது. காரணம் ஒன்றே, ஐயத்துக்கு இடமில்லை.

காரணம் ஒன்றேயானால், அதை மட்டும் அடைக்கும் மருந்து செய்யலாகாதா? ஆகாது என்றே பலர் கூறினர். கைனேஸ்கள் மொத்தம் ஐந்நூறுக்கு மேல். எல்லாவற்றுக்கும் பாஸ்பேட்டை வாங்கும் குழி ஒன்று போலவே இருக்கும். ஒன்றை அடைக்கும் மருந்து எல்லாவற்றையும் அடைத்து ஆளையே கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஸீபா கெய்கி கம்பெனியில் நிக்கொலஸ் லைடனும் ஜூர்க் ஸிம்மர்மனும் பிறரும் விடாது முயன்று, ஏபிளோடு வேறு சிலவற்றை மட்டுமே அடைக்கும் ஒரு பொருளைச் செய்தனர். இமாட்டினிப் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து மருத்துவர் பிரையன் டிரக்கர் அதை இரத்தப் புற்றணுக்களில் இட்டுப் பார்த்தார். புற்றணுக்கள் மடிந்தன, நல்லணுக்கள் பிழைத்தன. நோயாளிகள் சிலரே, விற்பனை சுருங்கியதே என்று கம்பெனி தயங்கியது. டிரக்கர் விடாது வற்புறுத்தினார். 1998 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மனிதரிடத்துச் சோதனை தொடங்கிற்று. அக்காலத்து முதன்மை மருந்தான இன்டர்ஃபெரான் கைவிட்ட 54 நோயாளிகளுக்கு, நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்தனர். 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு அம்மருந்தை அங்கீகரித்தது. கோழியின் கட்டியை ரௌஸ் வெளியிட்டு அப்போது 90 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைக் கேட்டு, வெற்றி முற்றிலும் நமதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதே 2001 ஆம் ஆண்டில் சார்லஸ் சாயர்ஸின் ஆய்வுக்கூடம், சில நோயாளிகளிடம் நோய் மீண்டும் தலைதூக்கியதன் காரணத்தைக் கண்டது. ஏபிளின் 315 ஆம் இடத்துத் திரியோனின் மாறி, ஐசோலூசின் என்னும் வேறொரு மணி அங்கே வந்தமர்ந்திருந்தது. ஒரு மணி மாறியதனால் மருந்து பொருந்தவில்லை. பின்னர் வந்த மருந்துகள் பலவும்கூட அவ்விடத்தில் தோற்றன. 2012 ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்ற போனாட்டினிப் அதை வென்றது.

மருந்து கிடைத்தாலும் அதை வாங்கும் பணம் கிடைக்க வேண்டுமே! இங்கேதான் கதை சென்னைக்கு வருகிறது. கம்பெனிகளின் இணைப்பால் பிறந்த நோவார்ட்டிஸ், அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு 1998 ஆம் ஆண்டில் விண்ணப்பித்தது. 2006 ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், நோயைத் தீர்க்கும் திறனில் மேம்பட்டதாயிருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது நம் சட்டத்தின் விதி. அவ்விதியே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற வழக்கை 2007 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் முறையீட்டைத் தள்ளிற்று. கம்பெனியின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்றும், இந்தியத் தயாரிப்பு 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்றும் அக்காலத்துச் செய்திகள் குறித்தன. ஆராய்ச்சிக்குச் செலவிட்டவன் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. கம்பெனி பல நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகவும் வழங்கியது. ஆயினும் ராக்பெல்லர் நிலையம் முதல் சால்க் நிலையம் வரையில் தொண்ணூறு ஆண்டுகளாகப் பொது அறிவாகக் குவிந்ததன் மேலேதான் அம்மாத்திரை எழுந்தது என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. 2015 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

விலையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், இதை ஒரு வாரமோ ஒரு மாதமோ உண்டு நிறுத்திவிட முடியாது என்பதே. மருந்து மதகை அடைத்துப் பிடித்திருக்கிறதே தவிர, ஒட்டிய குரோமோசோம்களைப் பிரிப்பதில்லை. பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள், ஈராண்டுகளுக்கு மேலாக நோயின் சுவடே தென்படாத 100 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்து, 2010 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்கு மேல் கவனிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுள் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது. அவர்கள் அதே மாத்திரையை மறுபடியும் உட்கொண்டனர். நோய் மறுபடியும் அடங்கியது.